உடைந்த கண்ணாடியை மாற்ற வேண்டாம்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நீள மேசையின் தலைப்பக்கம் நகராட்சித் தலைவி. அவருக்கு வலப்புறம் செயலர். முன்னால் அடுக்கியிருந்த கோப்புகளுக்கு மேல் அவருடைய மூக்குக்கண்ணாடியும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. இடப்புறம் நிலவியல் துறையிலிருந்து வந்திருந்த அம்மா. எந்த நேரமும் கைப்பையில் இரண்டு கல்லாவது கிடக்கும் என்பதால் எங்கள் ஊரில் அவருக்குக் கல்லம்மா என்று பேர். எதிர்க்கோடியில், மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலியில், சுவரடி வரிசைக் குடியிருப்பின் சார்பாக வந்த தையல்காரர். கதவை ஒட்டி, பராமரிப்புப் பிரிவு மேஸ்திரி. நல்ல அகலமான நாற்காலிதான், ஆனாலும் அவர் அதன் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார். யாராவது "மேஸ்திரி" என்றால் எழுந்து ஓட வசதியாக அப்படி உட்கார்ந்தே அவருக்குப் பழக்கம்.

ஜன்னலோரம் சின்ன மேசையில் நான். கடிதப் பிரிவு. கூட்டக் குறிப்பும் நான்தான் எழுத வேண்டும். மேஸ்திரி என் அக்கா புருஷன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அவர் மாமா, அலுவலகத்தில் மேஸ்திரி. இரண்டையும் நான் கலந்ததில்லை.

எங்கள் ஊர் சரிவில் கட்டிய ஊர். மேல் ரோட்டையும் அதற்குப் பின்னால் இருக்கும் மண்ணையும் ஒரு பெரிய கல்சுவர் தாங்கி நிற்கிறது. அதன் காலடியில் ஒரே வரிசையாகப் பதினான்கு வீடுகள். அதுதான் சுவரடி வரிசை. மழைக்காலம் வருமுன் அங்கே ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று பேசத்தான் அந்தக் கூட்டம்.

செயலர் மேலிடத்திலிருந்து வந்த திட்டத்தைப் படித்தார். அறிகுறி தெரிந்தால் பிரிவு அலுவலர் செயலருக்குச் சொல்ல வேண்டும், செயலர் குழுவுக்கு, குழு மேலிடத்துக்கு எழுத வேண்டும், மேலிடத்து உத்தரவு வந்ததும் சைரன் ஊதி மக்களை வெளியேற்ற வேண்டும்.

"அதுவரைக்கும் சுவர் காத்துக்கிட்டிருக்குமா சார்?" என்றார் தையல்காரர்.

"திட்டத்துல இருக்கறதைத்தான் நான் படிக்கிறேன்."

"இல்ல, அதுக்கும் ஒரு நகல் அனுப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கல்லம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. சுவர் எப்படி இருக்கு?"

"அதை மேஸ்திரிதான் சொல்லணும்," என்றார் கல்லம்மா. "போன வருஷம் விரிசல் மேல கண்ணாடிப் பட்டை ஒட்டிட்டுப் போனேனே. அதெல்லாம் எப்படி இருக்கு மேஸ்திரி?"

மாமா எழுந்து நின்றார். அவர் முகத்தில், கேள்வித்தாள் முன்பே தெரிந்து பரீட்சைக்கு வந்த பிள்ளையின் தெளிவு. "பளபளன்னு இருக்கும்மா. ஒரு குறையும் கிடையாது. உடைஞ்சா உடைஞ்ச அன்னிக்கே மாத்திடுவோம்."

கல்லம்மாவின் கை கைப்பைக்குள் பாதியில் நின்றது.

"மாத்திடுவீங்களா?"

"ஆமாம்மா. இந்த வருஷம் மூணு தடவை மாத்தியாச்சு. கடைசியா போன வாரம்."

"போன வாரம்," என்றார் கல்லம்மா.

"புகார் கொடுத்ததே நான்தானே," என்று தையல்காரர் சேர்ந்துகொண்டார். "உடைஞ்ச கண்ணாடி நடைபாதையில கிடந்தா பிள்ளைங்க காலைக் கிழிக்காதா? சும்மா சொல்லக் கூடாது, மேஸ்திரி அன்னிக்கே வந்து மாத்திட்டாரு. புகார் தீர்ந்ததுன்னு சீட்டும் கொடுத்தாரு."

கல்லம்மா கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "மேஸ்திரி, அந்தக் கண்ணாடியை உடையறதுக்குத்தான் ஒட்டினேன். சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும். முழுசா இருந்தா சுவர் சும்மா இருக்குன்னு அர்த்தம். மூணு தடவை உடைஞ்சிருக்குன்னா சுவர் மூணு தடவை கூப்பிட்டிருக்கு."

மாமா நின்றபடியே இருந்தார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இது எப்படி நடந்தது என்று அப்போதே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கல்லம்மா விஷயத்தை விளக்கிச் சொன்னது பழைய பொறியாளரிடம். அவர் மாற்றலாகிப் போனபோது சாவிக்கொத்தையும் வாகனத்தையும் ஒப்படைத்தார். கண்ணாடி விஷயத்தை மறந்துவிட்டார். பராமரிப்புப் பிரிவைப் பொறுத்தவரை அது சுவரில் ஒட்டிய ஒரு கண்ணாடி. உடைந்தால் மாற்ற வேண்டும். அதுவும் எங்கள் நகராட்சியில் உடனே மாற்ற வேண்டும். தலைவி பொறுப்புக்கு வந்ததும் போட்ட முதல் உத்தரவே அதுதான். வாசலில் பெரிய பலகையே மாட்டியிருக்கிறது: 'இன்றைய புகாருக்கு இன்றே தீர்வு.' பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு அதில் எங்களுக்குப் பேர் உண்டு. தெருவிளக்கு, குழாய், சாக்கடை மூடி, எதுவாக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் முடித்துச் சீட்டு கொடுத்துவிடுவோம். சுவர் சொன்ன சேதியையும் அப்படித்தான் முடித்துக் கொடுத்திருந்தோம்.

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் சுவரடிக்குப் போனோம். புதுக் கண்ணாடி வெயிலில் மின்னியது. ஓரத்தில் சிமெண்ட் பூச்சு, கொத்தனார் கரண்டி பிடித்துப் பழகிய கையின் சுத்தத்தோடு இருந்தது. அதற்குக் கீழே, செடி மறைத்த இடத்தில், விரிசலுக்குள் தையல்காரரின் விரல்கள் நான்கும் போயின. கல்லம்மா சுவரில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, எங்களுக்குக் காட்டினார். மழையே இல்லாத நாளில் கை நனைந்திருந்தது.

"இன்னிக்கே காலி பண்ணணும்," என்றார்.

செயலர் அங்கிருந்தே மேலிடத்துக்குப் பேசினார். ரொம்ப நேரம் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். பிறகு கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எழுத்து மூலமா அனுப்பச் சொல்றாங்க. உத்தரவு வராம யாரையும் வீட்டைவிட்டு எழுப்பக் கூடாதாம்," என்றார்.

தலைவி வரிசையை ஒரு முறை நீளப் பார்த்தார். துணி உலர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாசலில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுப்பத்தானே கூடாது? வாங்கன்னு கூப்பிடலாம் இல்ல? பள்ளிக்கூடத்துப் பெரிய ரூமைத் திறக்கச் சொல்லுங்க. நாம போய்க் கூப்பிடுவோம். வர்றவங்க வரட்டும்."

எல்லாரும் வந்தார்கள். அதற்கு முக்கியக் காரணம் மாமா. ஒவ்வொரு வாசலிலும் நின்று அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "கண்ணாடியை மாத்தினவன் நான். மாத்தியிருக்கக் கூடாது. கிளம்புங்க." வேறு விளக்கம் யாரும் கேட்கவில்லை. தையல்காரர் மட்டும் மிஷினை விட்டு வர மாட்டேன் என்று அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மிஷின் இல்லாம நான் யாரு? சும்மா ஊசி வச்சிருக்கற ஒரு ஆளு."

மாமா மிஷினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். தையல்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். "மெதுவா, மெதுவா, பெடல் இடிக்குது" என்று பள்ளிக்கூடம் வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டே போனது கேட்டது.

அன்று இரவு மழை பிடித்தது. மூன்றாம் நாள் மதியம் சுவர் சரிந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். ஒரு கனமான வண்டி மேடேறுகிறது என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தபோது வரிசையின் நடுவில் ஐந்து வீடுகளின் பின்பக்கம் மண்ணுக்குள் போயிருந்தது. தையல்காரரின் வீடு அதில் ஒன்று. மிஷின் இருந்த மூலையில் ஆள் உயரக் கல் ஒன்று சாவகாசமாகச் சாய்ந்திருந்தது. ஒருவர் உடம்பிலும் கீறல் இல்லை. தையல்காரர் அந்தக் கல்லை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவருக்கு அளவெடுக்கணும்னா டேப் பத்தாது," என்றார். அப்புறம் ஓரமாகப் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கண்ணாடி மூன்று முறை உடைந்தும் ஏன் தகவல் தரவில்லை? பொறுப்பான ஊழியர் யார்? அவர்மீது என்ன நடவடிக்கை? பதிலை உடனே அனுப்பவும்.

செயலர் ஒரு வரைவு எழுதி என்னிடம் நீட்டினார். நான்கே வரி. பராமரிப்புப் பிரிவு மேஸ்திரியின் கவனக்குறைவால் தகவல் தரப்படவில்லை. அவரைப் பணியிடை நீக்கம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.

"இதைச் சுத்தமா டைப் அடிச்சுக் கொண்டா."

"சார், இவர் என் அக்கா புருஷன். வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்க."

"தெரியும்மா. எனக்கு மட்டும் ஆசையா? ஒரு ஆளைக் காட்டினா ஃபைல் மூடிடுவாங்க. இல்லேன்னா மொத்த ஆபீசையும் குடைவாங்க. வேற யாருக்கு இங்க ஒரு கடிதம் உருப்படியா எழுத வருது, சொல்லு?"

நான் அந்தத் தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்படிச் செய்யக் கூடாது, ஆனாலும் கொண்டுபோனேன். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மாமாவின் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இனிமே இதைப் போட்டுக்க வேலை இருக்குமோ இருக்காதோ. கை பழக்கம், தேய்க்குது," என்றாள். சேதி அவளுக்கு எப்படியோ முன்பே வந்துவிட்டிருந்தது. "உன் கையாலதான் எழுதணுமாடி?"

"வேற யார் எழுதினாலும் இதைத்தான் எழுதுவாங்கக்கா."

"அப்படின்னா கை சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லு. ரெண்டு மாசம் சுளுக்கிக்கட்டும். அதுக்குள்ள அவங்க மறந்துடுவாங்க."

"மேலிடம் எதையும் மறக்காது. தாமதமா நினைச்சுக்கும், அவ்வளவுதான்."

மாமா வாசற்படியில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "நான் பண்ணலைன்னு எழுதிடாத. மாத்தினது நான்தான்."

"எதுக்கு ஒட்டினதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையே மாமா."

"நானும் கேக்கலையே. சுவத்துல எதுக்குடா கண்ணாடின்னு கேக்கத் தோணலை பாரு. புகார் வந்துச்சு, முடிச்சேன். முடிச்சா தலைவி அம்மா சந்தோஷப்படுவாங்க. எனக்கும் ஒரு இது." ஊசியை இழுத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அதையும் எழுத முடியுமா?"

"எதை?"

"முடிச்சா ஒரு இதுன்னு சொன்னேனே, அதை."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆமா, மேலிடத்துக்கு 'ஒரு இது'ன்னு எழுதப் போறா. நல்லா இருக்கும்."

எனக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு முறை உண்டு. படிக்கிறவர் மறுபடி ஒரு கேள்வி கேட்டு எழுத வேண்டி வந்தால் என் கடிதம் தோற்றது என்று வைத்துக்கொள்வேன். அதை வைத்து அந்த நான்கு வரியைப் பார்த்தேன். ஒரு மேஸ்திரி கவனமில்லாதவர் என்றால் உடைந்த கண்ணாடியை அப்படியே விட்டிருப்பார். சுவர் கூப்பிட்டது எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும். இவர் மூன்று முறை அன்றன்றைக்கே போய் மாற்றியிருக்கிறார். கவனக்குறைவு என்று எழுதினால், எப்படி என்று மேலிடம் கட்டாயம் கேட்கும். ஆக, செயலரின் வரைவு பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது மோசமான கடிதம்.

மறுநாள் வேறொன்று எழுதினேன். கண்ணாடி எதற்கு ஒட்டப்பட்டது என்பது ஒரு பத்தி. அந்த விவரம் பொறியாளர் மாறியபோது கைமாறவில்லை என்பது ஒரு பத்தி. மூன்றாவது பத்தியில், வரும் புகாரை அன்றே தீர்க்க வேண்டும் என்ற தலைவியின் வாய்மொழி உத்தரவின்படி மேஸ்திரி கண்ணாடியை மாற்றினார் என்று எழுதினேன். கடைசியில் நாங்கள் கேட்பது: கண்ணாடி உடைந்ததை முதலில் பார்க்கிற ஊழியரே சைரன் ஊதி வரிசையைக் காலி செய்ய அனுமதி வேண்டும், மக்களை நகர்த்திவிட்டுப் பிறகு எழுதுகிறோம்.

செயலர் படித்தார். மூன்றாவது பத்தியில் நின்றார்.

"தலைவி உத்தரவை உள்ள இழுத்திருக்க. உனக்கு வேலை கசந்துபோச்சா?"

"அதை எடுத்துட்டா கடிதம் நிக்காது சார். ஏன் மாத்தினார்னு கேட்டு மறுபடி எழுதுவாங்க. நாம மறுபடி எழுதணும்."

மறுபடி எழுதுவது என்றால் செயலருக்கு ஆகவே ஆகாது. தாளை என் பக்கம் தள்ளினார். "நீயே கொண்டுபோய்க் குடு. நான் இதைப் பாக்கலை. கண்ணு டாக்டர்கிட்ட போயிருந்தேன்."

தலைவியின் அறையில் கல்லம்மா இருந்தார். புதுச் சுவரைப் பற்றிப் பேச வந்திருந்தார். கூரைத் தகடு கேட்டு வந்த தையல்காரரும் இருந்தார். நான் தாளை வைத்தேன். தலைவி முதலில் மனசுக்குள் படித்தார். மூன்றாவது பத்தியை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "மேஸ்திரியைக் கூப்பிடு," என்றார்.

மாமா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"இந்த உத்தரவை நான் எழுத்துல கொடுத்திருக்கேனா மேஸ்திரி?"

"இல்லைங்கம்மா."

"வாயால சொன்னதுதானே. நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொன்னா?"

மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க சொன்னா சரிதாங்கம்மா."

என் அக்கா தேய்த்துக் கொடுத்த மடிப்பு அவர் சட்டைக் கையில் கத்தி மாதிரி நின்றது.

"வாசல்ல பலகை இருக்கேம்மா," என்றார் தையல்காரர் மெல்ல. "எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கு."

கல்லம்மா தொண்டையைச் செருமினார். "நான் வெளியாள், உங்க ஆபீஸ் விஷயத்துல பேசக் கூடாது. ஆனா ஒண்ணு. புதுச் சுவர்லயும் நான் கண்ணாடி ஒட்டத்தான் போறேன். இவரை வேலையைவிட்டு அனுப்பினீங்கன்னா, அடுத்து வர்ற மேஸ்திரி கண்ணாடி உடைஞ்சதைப் பாத்தா என்ன பண்ணுவாரு? பாக்காத மாதிரி போயிடுவாரு. அப்புறம் நான் ஒட்டியும் ஒண்ணுதான், ஒட்டாமலும் ஒண்ணுதான்."

தலைவி ஜன்னல் வழியாக வாசல் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த ஆணிகள் மட்டும்தான் அங்கிருந்து தெரியும். அந்தப் பலகைக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதைப் பற்றி வெளியூர்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை.

"அன்னிக்கு வீடு வீடா போய், மாத்தினவன் நான்தான்னு சொன்னீங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"எதுக்கு?"

"வேற எது சொன்னாலும் ஏன், எதுக்குன்னு நின்னு பேசுவாங்கம்மா. இதைச் சொன்னா நேரா செருப்பை மாட்டுவாங்க."

தலைவி பேனாவை எடுத்தார். 'வாய்மொழி' என்ற சொல்லை அடித்தார். அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், தன் கையெழுத்தில் எழுதினார்: 'இந்த உத்தரவு என்னுடையது. எதைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்யக் கூடாது என்று நான் பிரித்துச் சொல்லவில்லை. மேஸ்திரிமீது நடவடிக்கை தேவையில்லை. புதிய சுவரின் கண்காணிப்பும் அவரிடமே இருக்கும்.' கீழே கையொப்பம் போட்டுத் தேதி எழுதினார்.

"திரும்ப டைப் அடிச்சுக் கொண்டு வரட்டுமாம்மா?"

"வேண்டாம். அடிச்சா அழகாயிடும். இப்படியே போகட்டும்." பிறகு மாமாவிடம் திரும்பினார். "மேஸ்திரி, நாற்காலி முழுசா உங்களுக்குத்தான் போட்டிருக்கு. பின்னாடி தள்ளி உக்காருங்க. அந்தப் பலகையில அடியில ஒரு வரி சேக்கணும். 'சுவரில் ஒட்டிய கண்ணாடி நீங்கலாக.'"

"இன்னிக்கே எழுதிடறேம்மா," என்று மாமா எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா," என்றார் தையல்காரர், "இவரைத் திருத்த முடியாது."

தலைவி அப்போதுதான் சிரித்தார்.

நான் ஜன்னலோர மேசைக்கு வந்து நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்தேன். கடிதத்தை மூன்றாக மடித்தேன். ஓரத்தில் தலைவி எழுதியது உள்பக்கம் போகாமல், திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி மடித்தேன். உறையின் மேல் முகவரியைக் கையால் எழுதினேன். பெயின்ட் டப்பாவோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த மாமா என் மேசையருகே நின்றார்.

"ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாக்கறீங்களா?" என்றேன்.

"நீ எழுதியிருக்க, அம்மா எழுதியிருக்காங்க. நான் வேற எதுக்கு? அந்த 'ஒரு இது' இருக்கா?"

"இல்லை மாமா. அதை எப்படி எழுதறதுன்னு தெரியலை."

அலுவலகத்தில் அவரை மாமா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "விடு, புரிஞ்சுக்குவாங்க," என்று போய்விட்டார்.

பசை தடவி உறையின் மடிப்பை அழுத்தினேன். மூலையில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. நகராட்சி முத்திரையை அதன்மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினேன். தபால்காரர் வரும் நேரம்தான். வாசலில் ஏணிமேல் நின்ற மாமாவைச் சுற்றிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். உறையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், பையில் போட்டார், பையின் வாயைச் சுருக்கி இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணிக்கு அடியில் போகாமல் ஒதுங்கித் தெருவில் இறங்கினார்.